நாய்க்குக் காவல் யாருங்க?

கோயமுத்தூர்க்காரனுக்கு மலை இரண்டு. மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டில் ஏறினால் ஊட்டி. உக்கடத்தில் ஏறினால் பொள்ளாச்சி வழியாக வால்பாறை. முதலாவது, தேனிலவுக்கும் ஆபீஸ் டூருக்கும் சினிமா டூயட்டுக்கும். இரண்டாவது, மலையைப் பார்க்கவே மலைக்குப் போகிறவர்களுக்கு. (எனக்கு வீடு உக்கடத்தில். தராசு கொஞ்சம் இந்தப் பக்கம் சாயத்தான் சாயும். கண்டுகொள்ளாதீர்கள்!)

கார்த்திகை பிறந்து, மழை கொஞ்சம் ஓய்ந்து, பெரியகுளத்துக் கரையில் காலை நடை போகிறவர்கள் தலையில் மங்கி கேப் முளைத்துவிட்டால் போதும். ஆபீஸ்களில் ஒரு சதித்திட்டம் தொடங்கிவிடும். ஒரு ஞாயிறு, ரெண்டு சி.எல்., நாலு நண்பர்கள், ஒரு கார். “வால்பாறை போலாமாடா?”

அந்த நாலு பேரில் ஒருவன் வீட்டில் நாய் இருக்கும். “நம்ம நாயையும் கூட்டிட்டுப் போலாமே... பாவம், அதுவும் வெளியூரே பார்த்ததில்லை” என்பான்.

இந்தக் கட்டுரை அந்த ஒருவனுக்காக.

நாற்பது வளைவும் ஒரு வயிறும்

உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி சுமார் 40 கிலோமீட்டர். தென்னந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டே போய்விடலாம். நாயும் ஜன்னலில் மூக்கை நீட்டி, காது ரெண்டும் பின்னால் பறக்க, ஏதோ தொகுதி பார்வையிட வந்த மந்திரி மாதிரி உட்கார்ந்து வரும். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு இன்னும் 64 கிலோமீட்டர். ஆழியாறு அணை தாண்டினதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம். மொத்தம் 40. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். ஏழாவது வளைவில் நாய் மூக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். பன்னிரண்டாவதில் எச்சில் ஒழுகும். அதற்கு மேல் நடப்பதை வாரப் பத்திரிகையில் எழுத முடியாது. கார் யாருடையதோ அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நமக்கு வருகிற அதே தலைசுற்றல்தான். காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு ‘ஆடுகிறோம்’ என்று சொல்கிறது. கண், ‘இல்லையே, சீட்டில் சும்மாதானே இருக்கிறோம்’ என்கிறது. ரெண்டுக்கும் நடக்கிற தகராறில் வயிறு ராஜினாமா செய்துவிடுகிறது. குட்டிகளுக்கு இந்தத் தொல்லை அதிகம். கிளம்புவதற்கு மூணு நாலு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிட வேண்டும். தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக. மாத்திரை தேவையென்றால் கால்நடை மருத்துவரைக் கேட்டுக் கொடுக்கவும். நாம் போடுகிற மாத்திரையில் பாதியை உடைத்து வாயில் போடுகிற கைவைத்தியம் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று. 2025 நவம்பர் 1-ம் தேதியிலிருந்து வால்பாறைக்குப் போகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாகிவிட்டது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதமே வந்த ஏற்பாடு, இங்கேயும் வந்திருக்கிறது. காரணம் நியாயமானது. இந்த ரோடு போகிற காடு ஆனைமலைப் புலிகள் காப்பகம். நாம் ரோட்டில் போவதே விருந்தாளியாகத்தான்.

ஒன்பதாவது வளைவில் ‘லோம்ஸ் வியூ’ என்று ஒரு இடம். கீழே ஆழியாறு அணை ஒரு தட்டில் ஊற்றின தண்ணீர் போலத் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் பாறையிலோ ரோட்டோரத்திலோ வரையாடு நிற்கும். நம் மாநில விலங்கு! செல்ஃபிக்காரர்களைப் பார்த்துப் பார்த்து அதற்கு மனிதன் பழகிவிட்டது. நாய் பழகவில்லை. வரையாட்டைப் பொறுத்தவரை நாய் என்றால் செந்நாயின் சொந்தக்காரன். ஆகவே நண்பரே, நீங்கள் இறங்கி போட்டோ எடுங்கள். ஒருத்தர் காரில் நாயோடு இருக்கட்டும். அது வாக்கிங் போக வேண்டிய இடம் இதுவல்ல.

ஆயிரம் அடிக்கு ரெண்டு டிகிரி

உக்கடம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,350 அடி. வால்பாறை 3,500 அடி. ஆயிரம் அடி ஏறினால் சுமார் ரெண்டு டிகிரி குறையும் என்பது கணக்கு. நான் பி.காம். என்பதால் இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கும். வித்தியாசம் நாலு டிகிரிதானே வருகிறது, இதுக்கா ஸ்வெட்டர் என்று தோன்றும்.

ஆனால் குளிர் வெறும் உயரத்தில் மட்டும் இல்லை. மழை விட்ட ராத்திரியில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். பகலெல்லாம் பூமி வாங்கின சூடு, மேலே மூடி வைக்க மேகம் இல்லாததால் நேராக வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். எஸ்டேட் லைன் வீடுகளில் பாதி அந்த மாதிரிப் பள்ளத்தில், ஓடையோரத்தில்தான் இருக்கும். அதோடு ஈரம். ஊட்டியில் இதே சங்கதி உறைபனியாகப் புல்லில் வெள்ளையடித்துவிடும். வால்பாறையில் அது எலும்புக்குள் நுழைகிற ஈரக் குளிர். கொடியில் போட்ட பனியன் மூணு நாள் கழித்தும் ‘இன்னும் கொஞ்சம் இருக்கேனே’ என்னும்.

நாய் இதை எப்படிச் சமாளிக்கிறது? அதன் உடம்புச் சூடு நம்மைவிட ஜாஸ்தி, 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சாதாரணம். நமக்கு அது இருந்தால் மெடிக்கல் லீவ்! ராத்திரி வட்டமாகச் சுருண்டு, மூக்கை வாலுக்கடியில் செருகிக்கொண்டு படுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வயிறும் மூக்கும் முடி குறைந்த இடங்கள். சூடு அங்கேதான் ஓட்டை வழியாகப் போகும். அதை அடைக்கிற ஏற்பாடுதான் அந்த வட்டம். குட்டிக்கும் கிழட்டு நாய்க்கும் ஒட்ட வெட்டின முடிக்காரர்களுக்கும் அது போதாது. சிமெண்டுத் தரையில் ஒரு பழைய சாக்கு போட்டாலே பாதிக் குளிர் போய்விடும்.

இப்போது கோவையில் ஏ.சி. ரூமில் ஹஸ்கி வளர்க்கிறவர்கள் உண்டு. ‘எங்காளுக்குக் குளிர் ஒண்ணும் பண்ணாது’ என்பார்கள். வாஸ்தவம். வால்பாறையில் குளிரைப் பற்றி ஹஸ்கி கவலைப்பட வேண்டாம். அதற்கு வேறொரு கவலை இருக்கிறது. அதை என் அக்கா வீட்டில் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

டைகர் உள்ளே வந்துட்டானா?

அக்கா வாக்கப்பட்டது வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில். மாமாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. லைன் வீடு, முன்னால் ஒரு திண்ணை, பக்கவாட்டில் வெந்நீர் அடுப்பு, ஆறு வயதில் ஒரு பையன், ஒரு நாய். நாயின் பெயர் டைகர். வயசு நாலு. ஜாதி என்ன என்று கேட்டால் மாமா, “எல்லா ஜாதியும்” என்பார்.

போன மார்கழியில் போயிருந்தபோது பார்த்தேன். சாயந்தரம் ஐந்தரை மணி. சூரியன் மலைக்குப் பின்னால் போயாச்சு. பள்ளத்திலிருந்து மூட்டம் தேயிலைச் செடிகளுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. லைன் முழுக்க ஒரே நேரத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலிருந்தும் குரல்.

“பொழுது விழுந்துருச்சு, உள்ள வாடா கண்ணு!”

பையன் வந்தான். அக்கா கதவைச் சாத்தவில்லை. “டைகர் உள்ள வந்துட்டானா பாரு” என்றாள்.

டைகர் ஏற்கெனவே வந்திருந்தது. கட்டிலுக்கடியில், வெந்நீர் அடுப்புச் சூடு வருகிற சுவரோரமாகத் தன் சாக்கில் உட்கார்ந்து ‘நானெல்லாம் எப்பவோ வந்தாச்சு’ என்று பார்த்தது. அப்புறம்தான் தாழ்ப்பாள்.

“ஏனுங்க மாமா, ஊர்ல நாய் வளர்க்கறது வீட்டுக்குக் காவலுக்கு. இங்க நீங்க நாய்க்குக் காவல் இருக்கீங்க?”

மாமா சிரிக்கவில்லை. “இவனுக்கு முன்னால ராஜானு ஒருத்தன் இருந்தானுங்க மாப்ளே. நல்ல உருப்படி. திண்ணையிலதான் கட்டியிருந்தோம். ஒரு ராத்திரி நல்ல மூட்டம். ஒரே ஒரு சத்தம் கேட்டுது. லைட்டைப் போட்டுட்டு ஓடியாறதுக்குள்ள பாதிச் சங்கிலிதான் கெடந்துது.”

அக்கா பேச்சை மாற்றினாள். “அன்னைக்கு இவன் ஒண்ணுக்குப் போகணும்னு எழுந்திரிச்சிருந்தான் தம்பி. கதவைத் தொறக்கப் போனேன். அஞ்சு நிமிஷம் முன்னாடி தொறந்திருந்தா...”

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. பையன் டைகரின் காதை முறுக்கிக்கொண்டிருந்தான்.

சிறுத்தையின் மெனு கார்டு

சிறுத்தை ஒன்றும் நாயைத் தேடித்தான் ஊருக்குள் வருகிறது என்று நினைக்க வேண்டாம். வால்பாறையில் அதன் எச்சத்தைச் சேகரித்து ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். (ஆராய்ச்சி என்றால் எல்லா வேலையும்தான்!) பெரும்பாலும் இருந்தது கேளையாடு, கடமான், சருகுமான், முள்ளம்பன்றி. எல்லாம் காட்டுச் சரக்கு. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இன்னும் சோலைக்காடுகள் துண்டு துண்டாக மிச்சம் இருப்பதால் அதற்கு அங்கே சாப்பாடு கிடைக்கிறது.

காடு இல்லாத இடத்தில் கதையே வேறு. மகாராஷ்டிராவில் அகோலே பகுதியில், கரும்புக் காட்டுக்குள் வாழ்கிற சிறுத்தைகளை ஆராய்ந்தபோது, அவை தின்ற இரையின் எடையில் 39 சதவீதம் நாய். முதலிடம் அதற்குத்தான்! நாயைப் பிடிப்பது அதற்கு அவ்வளவு சுலபம் என்று அர்த்தம்.

ஏன் சுலபம்? யோசித்துப் பாருங்கள். ஆண் சிறுத்தை 50 கிலோவுக்கு மேல் இருக்கும். தன் எடைக்குச் சமமான இரையைக் கவ்விக்கொண்டு மரமேறுகிற மிருகம். நம் லாப்ரடார் 30 கிலோ. துரத்திப் பிடிப்பது அதன் வழக்கமல்ல. பதுங்கிக் கிட்டே வந்து ஒரே பாய்ச்சல். இடுப்பளவு தேயிலைச் செடி, மூட்டம், இருட்டு - பதுங்குவதற்கு இதைவிட வசதி வேண்டுமா? நாயோ தான் இருக்கிற இடத்தைக் குரைத்துக் குரைத்து ஊருக்கே அறிவிக்கிறது. அதைச் சங்கிலியில் கட்டியும் வைத்தால், ஓடித் தப்பிக்கிற ஒரே வழியையும் நாமே அடைத்துவிடுகிறோம். இமாசலப் பிரதேசத்து இடையர்கள், பனிக்காலத்துக்கு முன்னால் மந்தையோடு மலையிறங்கும்போது, காவல் நாய் கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை போடுவார்கள். சிறுத்தை கவ்வுவது கழுத்தை என்பது தலைமுறை தலைமுறையாக அவர்களுக்குத் தெரியும்.

விஷயம் நாயோடு முடிந்தால் பரவாயில்லை. வாசலில் ஒரு தடவை சுலபமாகச் சாப்பாடு கிடைத்தால் அந்த வாசலுக்கு அது மறுபடி வரும். அந்த நேரத்தில் அந்த வாசலில் நாய்தான் இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? 2025 ஜூனில், வடக்கேயிருந்து வேலைக்கு வந்த ஒரு குடும்பத்தின் சின்னப் பெண்குழந்தையை வால்பாறையில் வீட்டருகிலிருந்து சிறுத்தை தூக்கிப்போனது. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து லைன் வீடுகளில் சாயந்தரக் குரல்களின் சத்தம் ஏறியிருக்கிறது. குனிந்து நிற்கிற சின்ன உருவம் இருட்டில் சிறுத்தைக்குக் குழந்தையாகத் தெரியாது.

அப்போ நாயே வேண்டாமா?

இதையேதான் மாமாவும் கேட்டாராம், ராஜா போன அன்றைக்கு. “நாய் இருந்தாத்தானே வருது? இனி இந்த வீட்ல நாயே வேண்டாம்.”

அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. மலையில் நாய் இழுத்துவிடுகிற வம்பு ஒன்றல்ல. யானையைப் பார்த்தால் சில நாய்கள் வீராவேசமாகக் குரைத்துக்கொண்டு ஓடும். யானை திரும்பி ஒரு எட்டு வைத்ததும் வீரம் போய், வாலைச் சுருட்டிக்கொண்டு நேராக எஜமானரிடம் ஓடி வரும். பின்னாலேயே யானையும் வரும்! வால்பாறையில் யானை எங்கே நிற்கிறது என்று எஸ்.எம்.எஸ்., ஃபோன், சிவப்பு விளக்கு மூலம் ஜனங்களுக்கு முன்கூட்டியே சொல்கிற ஏற்பாட்டை இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆனந்தகுமார் குழுவினர் உருவாக்கினார்கள். அதற்காக அவருக்கு 2015-ல் லண்டனில் ‘விட்லி’ விருது கொடுத்தார்கள். சிவப்பு விளக்கு எரிகிற அன்றைக்கு, நாயோடு ஒற்றையடிப் பாதையில் நடப்பவனை யாரும் காப்பாற்ற முடியாது.

ஆனால் அக்கா வேறு கணக்குப் போட்டாள். மூணு மாசம் கழித்து டைகரைக் குட்டியாகக் கொண்டு வந்தவள் அவள்தான். ஒரே ஒரு கண்டிஷன்: ராத்திரி படுக்கை வீட்டுக்குள்ளே.

“நான் தூங்கிருவேன். இவன் தூங்க மாட்டான் தம்பி. வெளிய ஏதாச்சும் நடந்தா கட்டிலுக்கடியிலயிருந்து முனகுவான். அது ஒரு தினுசுச் சத்தம். பூனை, பன்னினா குரைப்பான். சிறுத்தைனா முனகுவான். அப்ப நான் கதவைத் தொறக்க மாட்டேன். பக்கத்து வீடுகளுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிருவேன்.”

பெயர் டைகர். வேலை, கட்டிலுக்கடியில் முனகுவது. கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் அந்த லைனில் அக்கா வீட்டிலிருந்து ஃபோன் வந்தால் அந்த ராத்திரி யாரும் வெளியே கழிப்பறைக்குப் போவதில்லை. வெளியே கட்டின நாய் இரை. உள்ளே படுத்த நாய் அலாரம். மோப்பம் அதேதான், காதும் அதேதான். நடுவில் இருக்கிற கதவுதான் வித்தியாசம்.

கீழேயிருந்து போகிற வம்பு

மலைக்காரர்கள் இவ்வளவு கணக்காக இருக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? வளர்த்து அலுத்துப்போன நாயை ‘மலையில் விட்டால் பிழைச்சுக்கும்’ என்று காரில் ஏற்றிக்கொண்டு போய் வளைவோரம் இறக்கிவிட்டு வருகிற புண்ணியவான்கள் உண்டு. பிழைக்காது. சில நாள் ரோட்டோரத்தில் டூரிஸ்ட் போடுகிற பிஸ்கட்டைத் தின்னும். அப்புறம் லைன் வீடுகளின் குப்பைமேட்டுக்குப் போகும். அதைத் தேடி சிறுத்தையும் அங்கே வரும்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. ஆனைமலைக் காட்டில் செந்நாய்கள் இருக்கின்றன. விசிலடித்துக் கூப்பிட்டுக்கொள்கிற, கூட்டமாக வேட்டையாடுகிற, அழிவின் விளிம்பில் இருக்கிற இனம். டிஸ்டம்பர் போன்ற நாய் நோய்கள் அவற்றுக்கும் தொற்றும். ஊசி போடாத ஒரு நாய், ஒரு கூட்டத்துக்கே எமனாகலாம். ரேபிஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம். மலையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு நாற்பது வளைவு இறங்க வேண்டும். நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுவதும், தாமதிக்காமல் ஊசிக்குப் போவதும் உயிரைக் காப்பாற்றும். நாய்க்கு வருஷா வருஷம் ஊசி போட்டிருந்தாலும், கடித்தால் அந்த ஓட்டம் வேண்டும்.

போவதென்று முடிவு செய்துவிட்டீர்களா?

தாராளமாகப் போங்கள். இந்த மாசங்களில் வால்பாறை மாதிரி இடம் கிடையாது. மழைக்காலத்து அட்டை குறைந்திருக்கும். (அப்படியும் வந்ததும் நாயின் கால்விரல் இடுக்கு, காது, மூக்கு மூன்றையும் பாருங்கள். அட்டைக்கு மூக்கு என்றால் உயிர்.) ஊசிச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கம்பளி ஒன்று. நடத்திக்கொண்டு போவது காலை வெயில் நன்றாக ஏறினபின், கையில் பிடித்த கயிற்றோடு, ஊருக்குள் மட்டும். சாயந்தரம் ஐந்தரைக்கு எல்லாரும் உள்ளே. நாலு கால் ஆசாமி உட்பட. சாப்பிட்ட கோழி எலும்பை ஜன்னல் வழியாக வீச வேண்டாம். அந்த வாசனை நீங்கள் ஊருக்குத் திரும்பினபிறகும் அங்கே இருக்கும். அங்கே குடியிருக்கிறவர்களும் இருப்பார்கள்.

அறை போட ஃபோன் பண்ணும்போது வெந்நீர் வருமா, வைஃபை இருக்கா என்றெல்லாம் கேட்பீர்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: “நாய் ராத்திரி ரூமுக்குள்ள எங்ககூடப் படுத்துக்கலாமுங்களா?”

“அதெல்லாம் வேண்டாமுங்க, வெளிய வராண்டாவுல கட்டிக்கலாமுங்க” என்று பதில் வந்தால், நன்றி சொல்லி ஃபோனை வைத்துவிடுங்கள். வேறு இடம் கிடைக்காவிட்டால் நாயை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போங்கள். ரெண்டு நாள் கோவித்துக்கொள்ளும். மூணாவது நாள் வாலாட்டும். வாலாட்ட அது இருக்கும், அதுதான் முக்கியம்!